திரும்பினால்தான் காசு

அன்று கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கடை முதலாளி பாய். நான். சாமானைக் கொண்டுவந்த மாவ்பிக்காரர். அவருடைய டிரைவர். காலி டம்ளரை வாங்கிப் போக வந்த வடைக்கார அக்கா. ஆறாவது ஆள் கிடையாது. இதை ரயிலில் தொங்கிக்கொண்டு எண்ணியிருக்கிறேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது எண்ணியிருக்கிறேன். சோற்றில் கையை வைத்துக்கொண்டு எண்ணி, "என்ன, கல்லு கிடக்கா?" என்று மனைவி கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஐந்துதான் வருகிறது. ஆனால் சந்துக்கு எதிர்ப்பக்கத்து மாடியில் துணி எடுக்க யாராவது வந்து நின்றிருந்தால்? நான் பார்க்கவில்லை. பார்க்காதவர்களை எப்படி எண்ணுவது?

ஐந்து பேரும் பார்த்தது இதுதான். ஜப்பான்காரன் வந்த பழைய சண்டைக் காலத்திலிருந்து மண்ணுக்குள் கிடந்த ஒரு மெஷின் துப்பாக்கியின் கைப்பிடியை நான் பின்னால் தள்ளினேன். அது போய், தானாகவே 'டக்' என்று திரும்பி வந்தது. எல்லோரும் சிரித்தோம். அப்போது அது பெருமையாக இருந்தது.

எங்கள் கடை பர்மாவில், லான்மடா பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பழைய இயந்திரங்களின் உதிரி சாமான். தையல் மிஷின், தண்ணீர்ப் பம்பு, நெல் அரைக்கிற மிஷின், படகு எஞ்சின், எது செத்துப்போய் வந்தாலும் அதற்கு ஒரு கையோ காலோ எங்களிடம் இருக்கும். பாயின் வீட்டார் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள். என் வீட்டார் ரயில்வே பட்டறை வேலைக்கு வந்தவர்கள். அதனால்தான் நான் இன்னும் பட்டறை இருக்கிற இன்சீனில் குடியிருக்கிறேன். தினமும் ஊரைச் சுற்றி வருகிற வட்ட ரயிலில் வந்து போகிறேன். ஆறாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் மண்ணெண்ணெய்ச் சட்டியில் கிடந்த நட்டும் போல்ட்டும்தான்.

பாய் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சரிபார்த்த எந்தச் சாமானையும் வாடிக்கையாளர் தன் கையால் ஒரு தடவை திருப்பிப் பார்க்க வேண்டும். சக்கரம் என்றால் சுற்ற வேண்டும், கைப்பிடி என்றால் இழுக்க வேண்டும். அது திரும்பினால்தான் காசு. திரும்பாவிட்டால் ஒரு பியா காசுகூட வாங்க மாட்டார். சந்து முழுக்க இது தெரியும். வேறு கடைக்காரர்கள் கேலி பேசுவார்கள், "பாய் கடைல கல்லறைய ரிப்பேருக்குக் குடுத்தாக்கூட எந்திரிச்சு நடக்கும்" என்று. இதைக் கேட்டால் பாய் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். எனக்குப் பயம்தான் வரும். எழுந்து நடந்தால் அடுத்து என்ன ஆகும் என்று யோசிக்கிற ஆள் நான்.

மாவ்பிக்காரர் பர்மியர். மாவ்பி போகிற சாலையோரம் பெரிய தோட்டத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். சாப்பிட வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வதற்காகப் பழைய ஜீப்பு, மாட்டு வண்டி, ரயில் சிக்னல் கம்பம் என்று வாங்கி நிறுத்தியிருக்கிறார். மீன் வளர்க்கத் தோட்டத்துக்குப் பின்னால் குளம் வெட்டியபோது மண்வெட்டியில் இரும்பு தட்டியிருக்கிறது. தட்டியதையெல்லாம் இரண்டு சாக்கில் அள்ளிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்துவிட்டார்.

முதல் சாக்கைக் கொட்டியதும் பாய் ஒரு தடித்த உருளையைத் தட்டிப் பார்த்தார்.

"தண்ணிப் பம்பு, தம்பி. சிலிண்டரு பாரு எவ்வளவு பெருசு."

நானும் குனிந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினேன். தண்ணீர் ஊற்ற மேலே ஒரு வாய், வடிய விடக் கீழே ஒரு வாய். பம்பு இல்லாமல் வேறென்ன?

மாவ்பிக்காரர் வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தார். "பம்பு இல்லை ஸயா. துப்பாக்கி." இங்கே மெக்கானிக்கைக் கூட ஸயா என்றுதான் கூப்பிடுவார்கள், வாத்தியாருக்கும் அதே மரியாதை. அன்று அந்த மரியாதை எனக்கு வேண்டாமென்று தோன்றியது. நான் கையை எடுத்துவிட்டேன். லுங்கியில் துடைத்துக்கொண்டேன். துடைத்த இடத்தில் களிமண் ஒட்டிக்கொண்டது. அதையும் துடைத்தேன்.

இந்தக் காலத்தில் இந்த ஊரில் அந்தச் சொல்லையே நாங்கள் சத்தமாகச் சொல்வதில்லை. பிள்ளைகள் விளையாட்டுக்குச் சொன்னாலும் அடக்குகிறோம். தெருவில் பட்டாளத்துக்காரர்கள் நிறுத்திப் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், போனைத் திறந்து காட்டச் சொல்வார்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறவே எனக்குப் பயம். அப்படிப்பட்டவன் முன்னால் இரண்டு சாக்கு.

"சர்க்கார் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்" என்றார் மாவ்பிக்காரர். "காட்சிக்குத்தான். பார்க்க முழுசா இருந்தாப் போதும். உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது."

பாய் என்னைப் பார்த்தார். நான் சாக்கைப் பார்த்தேன். பாய் விலை சொல்லிவிட்டார்.

உண்மையில் அது சுடுகிற காலமெல்லாம் முடிந்துபோயிருந்தது. குழாய்க்குள் துருவும் களிமண்ணும் கல்லாக இறுகியிருந்தன. தோட்டாவை எடுத்து உள்ளே தள்ளுகிற நடு உறுப்பு காணவே காணோம். வீட்டில் அடுப்பை வைத்துவிட்டுச் சமையல்காரரைக் கூட்டிப் போனது மாதிரி. இருந்தாலும் எனக்கு ஒரே யோசனை, குழாய் அடைப்புக்குள் ஏதாவது ஒரு தோட்டா உயிரோடு உட்கார்ந்திருந்தால்? அந்தக் குழாயின் வாய் இருக்கிற பக்கம் நான் ஒரு நாளும் உட்காரவில்லை. சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் வேலை செய்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாயாக்கடை. அவர்களை நினைத்து மறுபடி திருப்பி, கடைசியில் வானத்தைப் பார்க்க நிறுத்தி வைத்தேன். பாய் தன் வேலையைப் பார்த்தார். அவருக்கு என்னைப் பழக்கம்.

கழுவிப் பரப்பிய பிறகுதான் தெரிந்தது, சாக்கில் இருந்தது ஒரு துப்பாக்கி அல்ல. ஒன்றுக்குத் தண்ணீர் உறை இருந்தது. சுட்டுச் சுட்டுக் குழாய் சூடேறிவிடாமல் சுற்றிலும் தண்ணீர் நிற்பதற்கு. இன்னொன்றின் குழாயைச் சுற்றி வளையம் வளையமாக இரும்பு. அதற்குக் காற்றே போதும் போலிருக்கிறது. இரண்டு பட்டாளம் ஒரே சேற்றில் கொண்டுவந்து போட்டவை. எது யாருடையது?

அதைத்தான் போல்ட்டில் வெட்டியிருக்கிற மரையை வைத்துப் பிரித்தேன். எங்கள் கடையில் போல்ட்டுகளுக்கு இரண்டு டப்பாக்கள் உண்டு. இங்கிலீஷ்காரன் காலத்து ரயில்வே சாமானெல்லாம் அங்குலக் கணக்கு. ஜப்பான் சாமானெல்லாம் மில்லிமீட்டர். ஒன்றின் போல்ட்டு இன்னொன்றின் துளையில் இரண்டு சுற்று போகும், மூன்றாவதில் கடித்துக்கொள்ளும். சீப்பு மாதிரிப் பல் வெட்டிய தகடுகள் இருக்கின்றன, அவற்றை மரைமேல் வைத்துப் பார்த்தால் பல் உட்காருகிறதா இல்லையா என்று தெரியும். ஒவ்வொரு துண்டாக வைத்துப் பார்த்தேன். அங்குலம் இந்தப் பக்கம், மில்லிமீட்டர் அந்தப் பக்கம். தண்ணீர் உறைக்காரன் அங்குலம். வளையக்காரன் மில்லிமீட்டர், அவனிடம் குழாயும் ஒரு கட்டையும் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. அவனைச் சாக்கில் போட்டுக் கட்டிவைத்தோம்.

அப்படியும் இரண்டு இடத்தில் தப்புப் பண்ணினேன். துப்பாக்கி நிற்கிற முக்காலியின் ஒரு காலைத் தலைகீழாக மாட்டிவிட்டு அரை நாள் அதனுடன் மல்லுக்கட்டினேன். பித்தளைப் பட்டைகள் ஒரு கட்டுக் கிடைத்தன. அவை எதற்கென்றே புரியாமல் டப்பாவில் போட்டுவிட்டேன். பாய் அவை இடுப்பு பெல்ட்டின் தகடு என்று சொல்லி, ஒன்றைத் தன் லுங்கி மேல் வைத்துக்கூடப் பார்த்தார். மாவ்பிக்காரர் போனில் ஒரு படம் காட்டிய பிறகுதான் தெளிந்தது. தோட்டாக்களைச் செருகிக் கொடுக்கிற நீளத் துணிப்பட்டை ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு பைக்கும் நடுவே அடித்திருந்த பித்தளை இவை. துணி மக்கிப்போய்ப் பித்தளை மட்டும் மிஞ்சியிருக்கிறது. கித்தான் வாங்கி, கடையிலிருந்த தையல் மிஷினில் தடித்த ஊசி போட்டுப் பை பையாகத் தைத்தேன். பித்தளையை வரிசையாக அடித்தேன். தைத்து முடித்துத் தொங்கவிட்டபோது அது காலியாக, பிள்ளை பெற்ற வயிறு மாதிரி இருந்தது. அதற்குள் வைக்கப் பொம்மைத் தோட்டா வேண்டுமா என்று மாவ்பிக்காரர் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை.

மூடியின் கீலுக்குத் தையல் மிஷின் மிதிகட்டையின் சின்ன அச்சாணி ஒன்று சரியாகப் பொருந்தியது. பின்புறம் இரண்டு கையாலும் பிடிக்கிற மரப்பிடிகளை ஒரு பழைய மேசைக் காலிலிருந்து கடைந்தேன். முக்காலியின் காணாமல் போன காலுக்கு ஒரு துண்டுக் குழாய். எல்லாம் சேர்ந்து அது ஒரு மாதிரி உட்கார்ந்துவிட்டது.

கைப்பிடியை மட்டும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

வலப் பக்கம், வளைந்த கைப்பிடி. கெட்டியாக இறுகியிருந்தது. அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் இறுகியிருப்பதைப் பார்த்தால் என் கை சும்மா இருப்பதில்லை. அது திறமை இல்லை, பழக்க தோஷம். மண்ணெண்ணெயில் துணி நனைத்துச் சுற்றினேன். மறுநாள் எஞ்சின் எண்ணெய். அடுப்புத் தணலில் லேசாகக் காட்டி, மரச் சுத்தியால் தட்டினேன். மறுபடி மண்ணெண்ணெய். இடப் பக்கத்து மூடிக்குள் பழைய கிரீஸ் மெழுகாக உறைந்து, அதற்கு நடுவில் ஒரு சுருள்வில் துருவேறாமல் படுத்திருந்தது. இவ்வளவு வருஷம் அதற்கு யாரும் சண்டை முடிந்ததைச் சொல்லவில்லை. துடைத்து மாட்டினேன்.

மாவ்பிக்காரர் டிரைவரோடு பார்க்க வந்த அன்றுதான் அது அசைந்தது.

'டக்.'

"இன்னொரு தடவை, ஸயா" என்றார் மாவ்பிக்காரர். வீடியோ பிடிக்கப் போனை எடுத்துவிட்டார்.

'டக்.'

வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த டிரைவர் எச்சிலைத் துப்பிவிட்டு உள்ளே வந்தான். வடைக்கார அக்கா காலி டம்ளர்களைக் கையில் கோத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்ன பாய், கரும்பு மிஷினா?"

"ஆமாக்கா. உன்னைய வெச்சு ஒரு சுத்து சுத்துனா ரெண்டு டம்ளர் ஜூஸ் வரும்."

"எங்கிட்ட ஜூஸு ஏது. இந்தத் தம்பிய வெச்சுப் பிழிங்க. பயந்து பயந்து தண்ணியாத்தான் நிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். சிரித்துக்கொண்டே மாவ்பிக்காரரிடம் கேட்டேன், "ஆகோ, படத்துல மூஞ்சி வரலையே?" ஆகோ என்றால் இங்கே அண்ணன்.

"இல்லை, இல்லை. கை மட்டும்தான்" என்று போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கை மட்டும்தான். என் இடது கையில் ஆட்காட்டி விரல் பாதிதான் உண்டு. கடைசல் மிஷினில் போனது. படத்தில் அந்தப் பாதி விரல் துப்பாக்கியின் மூடிமேல் ஓய்வாகக் கிடந்தது. முகம் எத்தனை பேருக்கு ஒரே மாதிரி இருக்கும். பாதி விரல் அப்படியா?

அன்று சாயந்திரம் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழையும்போதே பாயிடமிருந்து போன்.

"தம்பி, மாவ்பிக்காரரு பேசுனாரு. ஆபீஸ்ல சரின்னுட்டாங்களாம். ஆனா ஒரு கண்டிஷனாம். அதுல ஒண்ணும் அசையக் கூடாதாம். வெறும் இரும்புச் சிலையா இருந்தாத்தான் வெளிய கொண்டுபோக விடுவாங்களாம். நாளைக்கு மத்தியானம் ஆபீசர் கடைக்கே வந்து தொட்டுப் பார்ப்பாராம்."

நான் வாசல் கதவைச் சாத்தினேன்.

"கைப்பிடியக் கழட்டிட்டா?" என்று கேட்டேன்.

"கழட்ட முடியாது. முழுசா இருக்கிற போட்டோவக் குடுத்திருக்காராம். இருக்கணும், அசையக் கூடாது. யோசி. அல்லா இருக்கான்." போனை வைத்துவிட்டார். அல்லா இருக்கான் என்று பாய் சொன்னால் தனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று அர்த்தம்.

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அவள் வேலை செய்கிற தையல் கம்பெனியில் அன்று பத்து மணி நேரம் நின்றிருந்தாள். பயப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

"ஒளிச்சா வெச்சிருக்கீங்க? ஆபீஸ்ல சொல்லித்தான வெச்சிருக்கீங்க."

"ஆமா."

"சுடாதுதான?"

"சுடாது. நடு சாமானே இல்ல."

"அப்புறம் என்ன?"

"கைப்பிடி அசையுது."

"அசைய வெச்சது யாரு?"

உரித்த வெங்காயத்தை நான் தட்டில் எடுத்துப் போட்டேன்.

"அவங்க கேட்டாங்களா, அசைய வைய்யின்னு?"

"கேக்கல."

"உங்க கைய ராத்திரில கட்டிப் போட்டுத்தான் படுக்க வெக்கணும்" என்றாள். பிறகு வெங்காயக் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, "துணிமணி எதுவும் எடுத்து வெக்கணுமா?" என்று கேட்டாள். கேலியாகச் சொன்னாளா, நிஜமாகவே கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் வரிசையில் இரண்டு வீட்டில் ஜெயிலுக்கு ஆள் போய்த் துணி கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். வேண்டாம் என்றேன். சோறு இறங்கவில்லை.

மறுநாள் முதல் ரயிலைப் பிடித்தேன். வெல்டிங் வைத்து ஒரு பொட்டு இட்டால் முடிந்துவிடும் என்று வழியெல்லாம் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தேன். சந்து முனையில் வெல்டிங்காரர் பலகையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"கரண்ட் சாயந்திரம்தான் ஸயா. இன்னிக்குக் கரண்ட் கட்டு நம்ம பக்கத்து முறை."

"ஜெனரேட்டர்?"

"டீசலுக்கு ஆள் போயிருக்கு. வரிசை பாலம் வரைக்கும் நிக்குதாம்."

அதை ஒரு குற்றமாகச் சொல்ல முடியாது. கரண்ட் இருக்கிற நேரம் வேலை, இல்லாத நேரம் கால் நீட்டல், இப்போது ஊரே அப்படித்தான். ஆனால் ஆபீசர் சாயந்திரம் வரை காத்திருக்க மாட்டார்.

பாய் வில்லைக் கழற்றச் சொன்னார். கழற்றிப் பார்த்தோம். டக் என்ற சத்தம் போனதே தவிர கைப்பிடி ஆடிக்கொண்டுதான் இருந்தது, முன்னைவிட லேசாக. பசை ஊற்றலாம் என்றார். எண்ணெய் ஊறிய இரும்பில் பசை ஒட்டாது. நான்தானே ஊற வைத்தேன், எனக்குத் தெரியும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் துருப் பிடிக்காதா என்றார். பிடிக்கும், அடுத்த மழைக்காலத்துக்குள்.

கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. கைப்பிடியின் அச்சும் உடம்பும் சேருகிற இடத்தில் குறுக்கே துளைபோட்டு, ஓர் ஆணியை அடித்து இறுக்குவது. கையால் சுற்றுகிற டிரில் எடுத்தேன். பாய் முக்காலிமேல் ஏறி உட்கார்ந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். பழைய இங்கிலீஷ் இரும்பு, டிரில் முனை வழுக்கிக்கொண்டே போனது. ஒரு முனை ஒடிந்தது. அடுத்ததைப் போட்டேன். எனக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. பாய்க்கு முட்டி வலி.

"தம்பி, நம்ம கடைல இப்படி ஒரு வேல நடந்ததில்ல" என்றார்.

"இல்ல பாய்."

"ஓடுறதப் புடிச்சு நிறுத்துறது."

"பேசாம அழுத்துங்க பாய்."

அவரிடம் அப்படி நான் பேசியதில்லை. அவர் பேசாமல் அழுத்தினார்.

ஆணியை அடிக்கும்போது முதல் அடிக்குக் கைப்பிடி இன்னும் லேசாக ஆடியது. இரண்டாவதில் இறுகியது. அதற்குமேல் அடிக்க வேண்டியதில்லை. ஆனால் பயத்தில் இன்னும் அடித்தேன். ஆணித்தலையை அராவி மட்டமாக்கினேன். அராவிய இடம் புதிதாக மின்னியது, பொய்ப்பல் மாதிரி. சாக்கின் அடியில் மிஞ்சியிருந்த மாவ்பிக் களிமண்ணை எடுத்து, எண்ணெயில் குழைத்து அதன்மேல் தேய்த்தேன். கழுவி எடுத்த மண்ணையே மறுபடி பூசினேன்.

ஆபீசர் வயசானவர். எங்களைவிடக் களைத்துப் போயிருந்தார். உட்காரச் சொன்னதும் பெருமூச்சோடு உட்கார்ந்தார். பாய் கொடுத்த டீயில் ஒரு வாய் குடித்தார். கையிலிருந்த போட்டோவையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். குழாய்க்குள் ஒரு மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தார்; கொஞ்ச தூரத்தில் முட்டி நின்றது. மூடியைத் தூக்கினார், உள்ளே வெறும் பள்ளம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழுந்திருக்கப் போகிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் கைப்பிடியில் கை வைத்தார்.

எங்கள் கடையில் எத்தனையோ பேர் எத்தனையோ கைப்பிடியைத் திருப்பியிருக்கிறார்கள். அதெல்லாம் திரும்ப வேண்டும் என்று நின்றிருக்கிறேன். திரும்பக் கூடாது என்று நின்றது அன்று ஒரு நாள்தான். இரண்டுக்கும் வேண்டுதல் ஒன்றேதான்.

அவர் இழுத்தார். அசையவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தார்.

அந்த நேரம் பார்த்து வடைக்கார அக்கா தட்டோடு வந்தாள். நின்று பார்த்தாள். தமிழில் கேட்டாள்.

"என்ன தம்பி, நேத்து டக்கு டக்குன்னு குதிச்சுச்சு. இன்னிக்குச் செத்துப்போச்சா?"

ஆபீசருக்குத் தமிழ் தெரியாது என்று அறிவு சொன்னது. பயம் அதை நம்பவில்லை. இந்தச் சந்தில் வடை தின்று தின்றே தமிழ் படித்த பர்மியர்கள் எத்தனை பேர்.

ஆபீசர் கையை எடுத்துவிட்டு, "என்ன சொல்றாங்க?" என்று பர்மியத்தில் பாயைக் கேட்டார்.

பாய் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "நேத்து வாங்குன வடைக்குக் காசு கேக்கறாங்க, ஸயா."

"குடுத்துடுங்க" என்றார் ஆபீசர். "ஏழைங்க காசு."

பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். அக்கா நோட்டைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "தினமும் வரச் சொல்லுங்க அவர" என்று தமிழில் சொல்லிவிட்டு, ஆபீசர் கையில் ஒரு வடையை வைத்துவிட்டுப் போனாள்.

ஆபீசர் வடையைத் தின்றபடி கையெழுத்துப் போட்டார். எண்ணெய் விரல் காகிதத்தில் பதிந்தது. போகும்போது என்னைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். மண்டைச் சூடு என்றேன்.

அவர் சந்து திரும்பிய பிறகு நான் சாமான் பெட்டிமேல் உட்கார்ந்தேன். சந்தோஷமெல்லாம் இல்லை. பாய் தொழுகைக்குப் போனார். நான் அந்தக் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை.

மாவ்பிக்காரர் அடுத்த நாள் வண்டியோடு வந்தார். முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தார். மீதி எடுக்கும்போது என்று பேச்சு. கையெழுத்துக் காகிதத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். டிரைவரும் நானும் தூக்கி வண்டியில் வைத்தோம். கித்தான் போர்த்தினோம். போர்த்துவதற்கு முன் அவர் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்.

"அட" என்றார். மறுபடி இழுத்தார். "திரும்பலையே."

"திரும்பக் கூடாதுன்னுதான ஆகோ, ஆபீஸ்ல சொன்னாங்க" என்றார் பாய்.

"ஆபீஸுக்குச் சரி." அவர் சிரித்த முகமாகவே இருந்தார். "ஆனா உங்க கடை வழக்கம் என்ன? திரும்பினாத்தான் காசு. சந்து முழுக்கச் சொல்றாங்களே. அன்னிக்கு டக்குனு வந்தது. அந்தச் சத்தத்துக்காகவே ஆளுங்க வருவாங்கன்னு நினைச்சேன். இப்ப இது வெறும் இரும்பு. இரும்பக் கழுவுன கூலிக்கு முன்பணமே சரியாப் போச்சே."

பாய் கித்தானின் மூலையை இழுத்துக் கட்டினார். தன்னுடைய சொல்லே முன்னால் வந்து நின்றால் யார்தான் என்ன செய்வது.

"பாக்கிய அப்புறம் பாத்துக்கலாம் ஸயா" என்று என் தோளைத் தட்டிவிட்டு மாவ்பிக்காரர் வண்டியில் ஏறினார். டிரைவர் ஹாரனை ஒரு தடவை அடித்தான். அந்தச் சத்தத்துக்கே நான் பின்னால் நகர்ந்தேன்.

அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அந்தச் சாப்பாட்டுக்கடையில் துப்பாக்கி நிற்கிறதாம், பிள்ளைகள் அதன்மேல் ஏறிப் போட்டோ எடுக்கிறார்களாம். அக்காவின் மருமகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நான் போகவில்லை. மாவ்பிப் பக்கம் போகிற பஸ்ஸைப் பார்த்தாலே எனக்கு அந்தப் போன் நினைவு வரும். அதில் கைப்பிடி இன்னும் குதித்துக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே பாதி விரல்.

ஒரு தடவை பாயிடம் கேட்டேன், மாவ்பிக்காரருக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாமா என்று. மீதிப் பணத்தில் பாதி என்னுடையது என்று அவரே பேசியிருந்தார்.

பாய் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "கேட்டா அவரு என்ன சொல்வாரு?"

"குடுக்கறேம்பாரு. இல்ல, குடுக்க மாட்டேம்பாரு."

"இல்ல தம்பி. 'அப்படியா, அந்த வீடியோவ எடுத்துப் பாக்கறேன்'ம்பாரு. நல்ல மனுசன்தான், நம்மள மாட்டிவிடணும்னு எடுத்துப் பாக்க மாட்டாரு. ஆனா எடுப்பாரு. எடுத்தா பக்கத்துல நிக்கறவனுக்கும் காட்டுவாரு. மறந்துபோன படத்த எதுக்கு ஞாபகப்படுத்தற?"

அது சரிதான் என்று பட்டது. எனக்கு முன்னாலேயே அது தோன்றியும் இருந்தது. வேறு யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டேன் போலிருக்கிறது. மண்ணெண்ணெய்ச் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு, காலையில் வந்த படகு எஞ்சினின் போல்ட்டுகளைப் போட்டேன். எல்லாம் மில்லிமீட்டர்.

மாவ்பிக்காரர் தர வேண்டிய பாக்கி, மூன்று லட்சத்து அறுபதாயிரம் கியாட்.